தூசியின் மேல் விழுந்த பழி

தருமபுரியில் மாவட்டத் தகவல் தொகுப்பு நிலையம் திறக்கப்பட்டபோது, அதன் வாசலில் நிற்க ஓர் ஆள் தேவைப்பட்டது. கடத்தூரில் வருஷக்கணக்காகக் கோப்பு சுமந்துகொண்டிருந்த மாயவனைக் கூட்டிவந்து நிறுத்தினார்கள். அங்கே அவருக்குப் பியூன் என்று பெயர். இங்கே தூய்மைக் காவலர். காக்கி உடுப்பை வாங்கி வைத்துக்கொண்டு வெள்ளை உடுப்பு கொடுத்தார்கள். முதல் நாள் அதைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனபோது, மனைவி கண்ணம்மாள் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரிக்கு மாற்றிவிட்டார்களா என்று கேட்டாள்.

நிலையம் என்பது அதிகாரியின் சின்ன அறை போக ஒரே ஓர் அறை. அறைக்குள் ஒரு கணிப்பொறி. அதற்கு வியர்க்கக் கூடாது என்று இரண்டு ஏ.சி. கரண்ட் போனாலும் அதற்குத் தெரியக் கூடாது என்று யூ.பி.எஸ். எனப்பட்ட ஓர் இரும்புப் பெட்டி. வெயில் எட்டிப் பார்க்கக் கூடாது என்று ஜன்னலுக்கு இரட்டைத் திரை. அதைப் பார்க்க வரும் மனிதர்களுக்கும் ஓர் ஏற்பாடு இருந்தது. ‘தூய்மையே துல்லியம். செருப்பை வெளியே விடவும்’ என்று வாசலில் பலகை மாட்டியிருந்தார்கள்.

நிலைய அதிகாரி கிருஷ்ணப்பன் சென்னையில் பயிற்சி பெற்றுத் திரும்பியவர். கூடப் போனவர்கள் கணிப்பொறியை எப்படி இயக்குவது என்று கற்றுக்கொண்டார்கள். கிருஷ்ணப்பன் அதை எப்படித் துடைப்பது என்ற வகுப்போடு நின்றுவிட்டார். அந்த ஒரு வகுப்பு அவருடைய வாழ்க்கையையே மாற்றிவிட்டது. எந்த மேசையைக் கண்டாலும் ஆட்காட்டி விரலால் ஓர் இழுப்பு இழுத்து, விரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் கொண்டுவந்த வெற்றிலைத் தட்டில்கூட அப்படிச் செய்தார் என்று பேசிக்கொண்டார்கள்.

திங்கட்கிழமைதோறும் காலையில் ஊழியர்களை வரிசையில் நிற்கவைத்துப் பேசுவார். ஊழியர்கள் மொத்தம் இரண்டு பேர் என்பதால் வரிசை சீக்கிரம் முடிந்துவிடும்.

"ஒரே ஒரு தூசி போதும். வட்டுக்குள்ள போச்சுன்னா மாவட்டமே அழிஞ்சிடும். கலெக்டரால முடியாததக்கூட அது செஞ்சிடும்" என்பார்.

மாயவன் அதை அப்படியே நம்பினார். வீட்டில் கண்ணம்மாள் வாசல் பெருக்கும்போது மூக்கைப் பொத்திக்கொள்ளத் தொடங்கினார்.

வரிசையில் நின்ற இன்னொரு ஆள் ஷகிலா. மசூதித் தெருப் பெண். தகப்பனார் இல்லை. தாய் அமீனா துணி தைத்துப் படிக்கவைத்தார். தட்டச்சில் கெட்டிக்காரி என்று தற்காலிகமாக எடுத்திருந்தார்கள். கணிப்பொறி முன்னால் உட்காரத் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். கிருஷ்ணப்பனுக்கு அந்த நாற்காலி பக்கம் போக உள்ளூரப் பயம். அதை அவர் மரியாதை என்று சொல்லிக்கொண்டார்.

அது எண்பத்தேழாம் வருஷம். இரண்டாவது தடவையாக மழை ஏமாற்றியிருந்தது. கிணற்றுக்குள் ஆள் இறங்கிச் சுரண்டி எடுத்த ஊர்கள் மாவட்டம் பூராவும் இருந்தன. குடிதண்ணீர் லாரி எந்த ஊருக்கு என்றைக்குப் போக வேண்டும் என்பது அதுவரை லாரி டிரைவர்களுக்குத் தெரிந்திருந்தது. அது அறிவியல்பூர்வமாக இல்லை என்று மேலிடத்தில் யாருக்கோ தோன்றியது. இனிமேல் கணிப்பொறி சொல்லும் ஊருக்குத்தான் லாரி என்று உத்தரவு வந்தது.

ஷகிலா ஒவ்வோர் ஊராக அடித்து ஏற்றினாள். எத்தனை குடும்பம், எத்தனை கிணறு, எது வற்றியது, எது உப்பு. ஏற்றி முடித்த தாள்களைக் கிருஷ்ணப்பன் அறையில் வைத்திருக்க விடவில்லை. காகிதம்தான் தூசிக்குத் தாய் என்பது அவர் கொள்கை. மாயவன் அவற்றைக் கட்டுக்கட்டாகக் கொண்டுபோய், பஸ் ஸ்டாண்டு எதிரில் கடலை வறுக்கிறவரிடம் போட்டுவிட்டு வந்தார்.

ஏற்றியதற்கு ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளலாம் சார் என்று ஷகிலா ஒரு நாள் கேட்டாள். நகல் எடுப்பதற்கென்றே சென்னையிலிருந்து புது ஃபிளாப்பிகள் வந்திருந்தன. அவை கிருஷ்ணப்பனின் பீரோவில் உறை பிரிக்காமல் இருந்தன.

"உறை பிரிக்காத வரைக்கும்தான்மா அது சுத்தம். பிரிச்சா அதுவும் நம்மள மாதிரி ஆயிடும்" என்று சொல்லி, பீரோ சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

சம்பவம் நடந்த அன்று மத்தியானம் கலெக்டர் பார்வையிட வருவதாகச் சொல்லியிருந்தார்கள். தூசி உறிஞ்சும் மெஷின் ஒன்று புதிதாக வந்து இறங்கியிருந்தது. யானைத் தும்பிக்கை மாதிரி குழாயும், காலடியில் உருளையும். ஷகிலா ஊர்களை எல்லாம் வரிசைப்படுத்தும் வேலையைக் கணிப்பொறிக்குக் கொடுத்துவிட்டுச் சாப்பிட எழுந்தாள். போகிறபோது, அது ஓடிக்கொண்டிருக்கிறது, யாரும் தொட வேண்டாம் என்று மாயவனிடம் இரண்டு தடவை சொன்னாள். அவரும் இரண்டு தடவை தலையாட்டினார்.

அவள் போனதும் கிருஷ்ணப்பன் கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டினார். கலெக்டர் வருவதற்குள் அறையை ஒரு தடவை உறிஞ்சிவிடும்படி சொல்லிவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டார்.

மாயவன் மெஷினை உள்ளே இழுத்துப்போனார். செருகுவதற்கு இடம் தேடினார். எல்லாத் துளையிலும் ஏதோ ஒன்று செருகியிருந்தது. மேசைக்குக் கீழே குனிந்து, தூசி அதிகமாகப் படிந்திருந்த ஒரு பிளக்கைப் பார்த்தார். தூசி படிந்திருந்தால் அதிகம் உபயோகத்தில் இல்லாதது என்றுதானே அர்த்தம். அதைப் பிடுங்கினார்.

திரை இருண்டது. ஓடிக்கொண்டிருந்த சத்தம் நின்றது. ஓர் உயிர் போகிற மாதிரி கீச்சென்று ஒரு முனகல் வந்ததாக அவருக்குப் பிற்பாடு நினைவு. கை தானாகவே பிளக்கைத் திரும்பச் செருகிவிட்டது. பச்சை விளக்கு எரிந்தது, சத்தமும் வந்தது. ஆனால் அது பழைய சத்தம் இல்லை.

ஷகிலா கை துடைத்துக்கொண்டு வந்தாள். திரையைப் பார்த்தாள். நாற்காலி நுனியில் உட்கார்ந்து எதையெதையோ தட்டிப் பார்த்தாள். முகம் வெளுத்துப்போனது.

"கரண்டு போச்சாண்ணே?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்கு ‘இல்லம்மா, நான் பிடுங்கிட்டேன்’ என்று சொல்ல ஒரு நிமிஷம்கூட வேண்டியதில்லை. ஆனால் வாசலில் கலெக்டர் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. கையில் தும்பிக்கை. உடம்பில் வெள்ளைச் சட்டை.

"ஆமாம்மா. ஒரு செகண்டு போயிட்டு வந்துச்சு" என்றார் மாயவன்.

கலெக்டர் வந்து, அறை குளுகுளு என்று இருப்பதாகப் பாராட்டிவிட்டுப் போனார். ஊர்கள் எதுவும் இல்லை என்பது அவர் போன பிறகுதான் வெளியே தெரிந்தது. கடத்தூர்ப் பக்கம், கம்பைநல்லூர்ப் பக்கம், பொம்மிடிப் பக்கம், ஏற்றியது அத்தனையும் துடைத்துவிட்ட மாதிரி போயிருந்தது. கிருஷ்ணப்பன் நாற்காலியில் உட்கார்ந்து, ரொம்ப நேரம் பீரோவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

விசாரணை நடந்தது. யூ.பி.எஸ். விற்ற கம்பெனிக்காரர் வந்தார். கரண்ட் போனாலும் தன் பெட்டி காப்பாற்றும், அதனால் கரண்ட் போயிருக்கவே முடியாது என்று நிரூபித்துவிட்டு, டீ குடித்துவிட்டுப் போனார். அப்படியென்றால் யாரோ செய்த தப்பு என்றாகும். யாரோ செய்த தப்பு என்றால், நகல் எங்கே என்று அடுத்த கேள்வி வரும். நகல் என்றால் பீரோவைத் திறக்க வேண்டும். கிருஷ்ணப்பன் யோசித்தார். பிறகு சென்னைக்கு எழுதி, ராஜாமணி என்ற நிபுணரை வரவழைத்தார்.

டாக்டர் ராஜாமணி தூசியில் பட்டம் பெற்றவர். தூசி இல்லாத இடத்தில் அவருக்கு வேலை இல்லை என்பதால், அவர் போன இடத்தில் எல்லாம் தூசி கிடைத்தது. பூதக்கண்ணாடியோடு தரையில் தவழ்ந்தார். வாசலில் வந்து போகிறவர்களின் உள்ளங்காலைச் சுரண்டிப் பொட்டலம் கட்டினார். கடத்தூர்ச் செம்மண் முரட்டுத்தனமானது, கம்பைநல்லூர் மண் ஒட்டிக்கொள்ளும் குணமுடையது, பொம்மிடித் தூசியில் ரயில் கரி கலந்திருப்பதால் நாடோடித்தன்மை அதிகம் என்று குறித்துக்கொண்டார். ஆனால் இவற்றில் எதுவும் அந்த அறைக்குள் நுழைந்திருக்க முடியாது. நுழையவிட்டால் அது கிருஷ்ணப்பனின் குறை. அறைக்குள் அனுமதியோடு நுழைந்த தூசியாக ஒன்று வேண்டியிருந்தது.

அப்போதுதான் நிபுணரின் பார்வை ஷகிலாவின் தலையில் இருந்த மல்லிகைச் சரத்தில் விழுந்தது.

"மகரந்தம். சாதாரணத் தூசி செத்தது. இது உயிருள்ள தூசி. தானாவே வழி தேடிப் போகும்" என்றார்.

விசாரணைக் குழு முன்னால் மாயவனையும் கூப்பிட்டார்கள். வழியெல்லாம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்துக்கொண்டுதான் போனார். பிளக்கைப் பற்றி யாரும் கேட்கவில்லை. சம்பவத்தன்று அந்தப் பெண் பூ வைத்திருந்தாளா என்று ஒரே கேள்வி.

"வெச்சிருந்துச்சுங்க" என்றார்.

மேற்கொண்டு வாயைத் திறப்பதற்குள், போகலாம் என்று சொல்லிவிட்டார்கள். அந்த விவகாரத்தில் அதுவரை அவர் சொன்ன உண்மை அது ஒன்றுதான். அந்த உண்மையை வைத்து ஷகிலாவை வீட்டுக்கு அனுப்பினார்கள். போகும்போது அவள் கொண்டையிலிருந்த சரத்தைப் பிய்த்து எடுத்து, எங்கே போடுவது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். வாசலில் குப்பைத் தொட்டி கிடையாது. குப்பைத் தொட்டி வைத்தால் குப்பை இருப்பதாக ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று கிருஷ்ணப்பன் சொல்லியிருந்தார். மாயவன் கையை நீட்டினார். அவள் பூவை அவர் கையில் கொடுத்துவிட்டு, வரேன் அண்ணே என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டில் விளக்கை அணைக்க ஸ்விட்சைத் தொடமாட்டார். கண்ணம்மாளையே அணைக்கச் சொல்வார்.

நிலையத்தில் சுத்தம் தீவிரமடைந்தது. செருப்பை விடுவது போதாது, காலைக் கழுவ வேண்டும் என்றார்கள். ஒரு தடவை கழுவுவது போதாது, வாசலில் வரிசையாக மூன்று தொட்டி கட்டினார்கள். முதல் தொட்டியில் மண் போக, இரண்டாவதில் மருந்து, மூன்றாவதில் சுத்தமான குடிதண்ணீர். தொட்டிகளை நிரப்பத் தினமும் ஒரு லாரி வந்தது. அந்த லாரிக்கு மட்டும் எந்தப் பட்டியலும் தேவைப்படவில்லை. வருகிறவர்களின் காலைக் குனிந்து பார்த்து உள்ளே விடுவது மாயவனின் வேலை. கழுவிய காலோடு உள்ளே போனவர்களும் புதிதாகப் போட்ட கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று கணிப்பொறியைத் தரிசித்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். அது பட்டுத்துணி போர்த்தி இருந்தது. நூறு சதவீதம் சுத்தம் என்று சான்று வரும் வரைக்கும் அதற்குள் ஓர் ஊரைக்கூட ஏற்றக் கூடாது என்று கிருஷ்ணப்பன் உத்தரவு போட்டிருந்தார். ஏற்ற ஆளும் இல்லை.

கடத்தூருக்கு அந்தப் பக்கம் கண்ணம்மாளின் பிறந்த ஊர். அங்கே லாரி வந்து பல நாள் ஆயிற்று. ஒரு நாள் காலையில் அவளுடைய அண்ணன் முனியப்பன், ஊர்க்காரர்கள் சிலரோடு நிலைய வாசலில் வந்து நின்றார். கூட வந்த முனியம்மாள் இடுப்பில் காலிக் குடம். பஸ்ஸில் குடத்துக்கு இடம் தரமாட்டேன் என்று கண்டக்டர் தகராறு செய்ததாகச் சொன்னாள்.

மாயவன் மச்சானைப் பார்த்ததும் எழுந்து நின்றார். கால் வழக்கம்போலச் செம்மண் காலாகத்தான் இருந்தது. தொட்டியைக் காட்டினார். காட்டும்போது முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டார்.

முனியப்பன் மூன்றாவது தொட்டிக்குள் கையை விட்டு அள்ளி, வாயில் ஊற்றிப் பார்த்தார்.

"மாப்ள, இது குடிக்கிற தண்ணிங்களா?"

"ஆமாங்க மச்சான்."

"இதுலயா கால வெக்கச் சொல்றீங்க?"

முனியம்மாள் யாரையும் எதுவும் கேட்கவில்லை. குடத்தைத் தொட்டிக்குள் சாய்த்தாள். குடம் தண்ணீர் மொள்ளும் சத்தம் கேட்டுக் கிருஷ்ணப்பன் வெளியே வந்தார். கோபப்படவில்லை. அவர் கோபப்படும் ஆள் இல்லை.

"தண்ணி எடுக்கறதப் பத்தி எனக்கு ஒண்ணுமில்லம்மா. ஆனா கால் கழுவாம தொட்டிகிட்ட வரக் கூடாது. அப்புறம் தொட்டியோட சுத்தத்துக்கு யார் பொறுப்பு?" என்றார்.

எங்கள் ஊருக்கு லாரி எப்போது வரும் என்று முனியப்பன் கேட்டார். அந்த ஊரே கணிப்பொறியில் இல்லை என்றார் கிருஷ்ணப்பன்.

"நாங்க இருக்கறமேங்க" என்றார் முனியப்பன்.

"நீங்க இருக்கீங்க. உங்க தகவல் இல்ல. ஒரு பொண்ணு பூ வெச்சுக்கிட்டு வந்து அழிச்சிடுச்சு. நான் என்ன செய்ய முடியும்?"

முனியப்பன் மாயவனைப் பார்த்தார். மெய்தானா என்று கேட்கிற பார்வை. மாயவன் குனிந்து, யாரும் கால் வைக்காத தொட்டியில் மிதந்த ஒரு துரும்பை எடுத்துப் போட்டார். அவர்கள் ஒரு குடம் தண்ணீரோடு பஸ் ஏறிப் போனார்கள். அந்தக் குடம் பஸ்ஸில் எவ்வளவு தளும்பியிருக்கும் என்ற நினைப்பு மாயவனை அன்று முழுக்க விடவில்லை.

சாயங்காலம் கிருஷ்ணப்பனின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தும்பிக்கை மெஷின், மேசைக்குக் கீழே பிளக், பிடுங்கியது, திரும்பச் செருகியது, ஷகிலாவிடம் சொன்ன பொய் என்று எதையும் விடாமல் சொன்னார். சஸ்பெண்ட் செய்வார்கள், போலீஸில் கொடுப்பார்கள், எதுவானாலும் சரி என்று நின்றார்.

கிருஷ்ணப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"நீங்க சொல்றது நெசமாவே இருக்கலாம், மாயவன். அத வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ணட்டும்? பிளக்குதான் காரணம்னா, ‘பிடுங்காதே’ன்னு ஒரு அட்டை எழுதி ஒட்டிட்டா போதும். விஷயம் முடிஞ்சிடும். தூசின்னா அப்படியா? புதுக் கட்டடம் வருது, இன்னும் ரெண்டு ஏ.சி. வருது, ராஜாமணி சாருக்குத் தனியா ஒரு பிரிவு வருது. மெட்ராஸ்ல மூணு கூட்டத்துல பேசிட்டேன். இப்பப் போயி, இல்லீங்க, நாங்க சுத்தம் பண்ணப் போயிதான் கெட்டுதுன்னு சொல்லச் சொல்றீங்களா?"

"அந்தப் பொண்ணுங்க சார்."

"அது தற்காலிகம்தானே" என்றார் கிருஷ்ணப்பன். பிறகு, இப்படி மனசாட்சியோடு இருக்கிற ஊழியர் கிடைத்தது நிலையத்தின் பாக்கியம் என்று சொல்லி, தோளைத் தட்டி அனுப்பினார். தட்டிய விரலை வெளிச்சத்தில் பார்க்கவும் மறக்கவில்லை.

அடுத்த மாதம் சென்னையிலிருந்து அரசுச் செயலாளர் வந்தார். மாநிலத்திலேயே சுத்தமான, நம்பகமான நிலையம் எது என்று தேர்ந்தெடுக்கும் வேலை. வாசலில் அவர் காலைக் கழுவியபோது படம் எடுத்தார்கள். டாக்டர் ராஜாமணி எட்டு வகைத் தூசியைக் கண்ணாடிக் குப்பிகளில் அடுக்கி விளக்கினார். பட்டுத்துணியை விலக்கிக் கணிப்பொறியை இயக்கினார்கள். சம்பவத்துக்குப் பிறகு ஒரு தகவல்கூட இங்கே தொலைந்ததில்லை என்று கிருஷ்ணப்பன் சொன்னார். அதில் பொய் எதுவும் இல்லை.

தடுப்புக்குள் மூலையில் வெள்ளைச் சட்டையோடு நின்ற மாயவனுக்கு முனியம்மாளின் குடம் கண்ணில் நின்றது. இத்தனை பெரியவர்கள் ஒரே இடத்தில் கூடுவது இனி நடக்காது. இவர்கள் கண்முன்னால் செய்து காட்டிவிட்டால் நம்பித்தானே ஆக வேண்டும். அவர் முன்னால் வந்தார். மன்னிக்கணும் என்று செயலாளரைப் பார்த்துக் கும்பிட்டார். குனிந்து, மேசைக்குக் கீழே கையை விட்டு, அதே பிளக்கைப் பிடுங்கினார்.

திரை இருண்டது.

"இப்படித்தாங்க நடந்துச்சு. நாந்தாங்க செஞ்சேன். தூசி இல்லீங்க, பூவு இல்லீங்க" என்றார்.

கிருஷ்ணப்பன் பாய்ந்து வந்து பிளக்கைச் செருகினார். கணிப்பொறி எழுந்தது. செயலாளர் கண்ணாடித் தடுப்புக்கு அருகே வந்து, எவ்வளவு தகவல் போயிற்று என்று கேட்டார். கிருஷ்ணப்பன் ஒரு கணம்தான் தடுமாறினார்.

"ஒண்ணுகூடப் போகல சார்" என்றார்.

உண்மைதான். இருந்தால்தானே போக. செயலாளர் கைதட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள். எத்தனையோ நிலையங்களைப் பார்த்திருக்கிறேன், விருந்தாளி முன்னால் துணிந்து மின்சாரத்தையே பிடுங்கிக் காட்டும் நம்பிக்கையை இங்கேதான் பார்க்கிறேன் என்று அவர் பேசினார். அந்தக் கடைநிலை ஊழியர் நடித்துக் காட்டியது ரொம்பத் தத்ரூபமாக இருந்தது என்றும் சொன்னார். மாயவன் இரண்டு தடவை, இல்லீங்க என்று ஆரம்பித்தார். கைதட்டலில் அது கேட்கவில்லை. நிலையத்துக்குக் கேடயம் கிடைத்தது. மாயவனின் தோளில் ஒரு துண்டு விழுந்தது.

அந்த வாரம் முனியப்பனும் அவருடைய ஊர்க்காரர்களும் கடத்தூர் ரோட்டில் கட்டை வண்டிகளைக் குறுக்கே விட்டு உட்கார்ந்துகொண்டார்கள். பஸ்கள் நின்றன. பொழுது சாய்வதற்குள் தண்ணீர் லாரி வந்துவிட்டது. டிரைவருக்கு வழி தெரிந்திருந்தது. கணிப்பொறியைக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. மற்ற ஊர்க்காரர்களும் அவரவர் ரோட்டில் உட்காரத் தொடங்கினார்கள். உட்கார ரோடு இல்லாத ஊர்கள் காத்திருந்தன.

லாரி வந்துவிட்டது என்று கண்ணம்மாள் சந்தோஷமாகச் சொன்ன அன்று மாயவன் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் சுளகில் அரிசியைப் புடைத்துக்கொண்டே கேட்டாள். கேட்டு முடித்ததும், இதை எனக்குச் சொன்னால் என்ன பிரயோசனம், அந்தப் பெண் வீட்டில் போய்ச் சொல்லுங்கள் என்றாள்.

மறுநாள் வெள்ளை உடுப்பைப் போடாமல் மசூதித் தெருவுக்குப் போனார். அமீனா தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தார். ஷகிலா கீழே உட்கார்ந்து பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். தலையில் பூ இல்லை. வாங்கண்ணே என்று எழுந்தாள். உட்காரச் சொல்லியும் அவர் உட்காரவில்லை. நிலைப்படிக்கு வெளியே நின்றபடி சொன்னார். நான்காவது தடவையாகச் சொல்கிறவருக்கு வார்த்தை சுலபமாக வந்திருக்க வேண்டும். வரவில்லை.

அமீனாவின் கால் மெஷின் மிதியில் அப்படியே நின்றது.

"அப்ப, பூவு இல்லீங்களா?"

"இல்லீங்கம்மா. நாந்தான்."

அமீனா அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. குழு வேண்டியிருக்கவில்லை, பூதக்கண்ணாடி வேண்டியிருக்கவில்லை. உடனே நம்பிவிட்டார். எத்தனையோ பேர் தன்னை நம்ப வேண்டும் என்று அலைந்த மாயவனுக்கு, ஒருவர் நம்பியபோதுதான் நிற்க முடியாமல் போயிற்று. சுவரைப் பிடித்துக்கொண்டார்.

ஷகிலா பொத்தானையும் ஊசியையும் கீழே வைத்தாள்.

"நான் கேட்டனேண்ணே, கரண்டு போச்சான்னு. அப்ப சொல்லியிருந்தா, விசாரணைன்னு என்ன அந்த நாற்காலி பக்கம் போகவிடாம வெச்சிருக்க மாட்டாங்க. ஒரு நாள் அழுதுட்டு மறுபடி அடிச்சிருப்பேன். பேப்பரு அன்னிக்கு கடலைக்காரர்கிட்டதான இருந்துச்சு. போயிக் கேட்டிருந்தா குடுத்திருப்பாரு."

மாயவன் அதை அதுவரை நினைத்துப் பார்க்கவே இல்லை. எத்தனை ஊர்களின் பெயர் கடலையோடு கசங்கிப் போனது என்ற கணக்கு அப்போதுதான் அவருக்கு உறைத்தது. மன்னிப்பு என்ற சொல் அவ்வளவுக்குப் போதாது என்று பட்டது.

அமீனா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். கம்பைநல்லூரில் தன் அண்ணன் மஸ்தான் இருக்கிறார் என்றார். அந்தப் பக்கம் லாரி நின்றதிலிருந்து, உன் மகள் பூ வைத்த பவிசில் எங்கள் ஊர் தண்ணீருக்குச் செத்தது என்று சொல்லி அண்ணன் பேச்சை நிறுத்திவிட்டாராம். மருமகளாக எடுத்துக்கொள்வதாக இருந்த பேச்சும் நின்றுவிட்டதாம்.

"நான் என் பொண்ணு தலையில அடிச்சேங்க, அந்தப் பூவுக்காக. எங்கண்ணன்கிட்ட வந்து இதே மாதிரி சொல்வீங்களா?"

வருகிறேன் என்றார் மாயவன். அந்தக் கல்யாணத்தை முதலில் தான் ஒப்புக்கொள்ள வேண்டுமே, அதையும் யாராவது கேட்பீர்களா என்று ஷகிலா தாயைப் பார்த்துச் சொன்னாள். ஆனாலும் புறப்பட்டு வந்தாள். மாமா முகத்தைப் பார்க்க வேண்டும் என்றாள்.

மூவரும் பஸ் ஏறினார்கள். தாயும் மகளும் முன்னால் உட்கார்ந்தார்கள். மாயவனுக்குப் பின்னால் இடம் கிடைத்தது. பக்கத்தில் ஒரு விவசாயி, மடியில் விதைமூட்டை. ஊர் தாண்டியதும் அவர் பேச்சுக் கொடுத்தார். எந்த ஊருக்கு என்று கேட்டார். கம்பைநல்லூர் என்றார் மாயவன்.

"சொந்தக்காரங்க வூட்டுக்குங்களா?"

"இல்லீங்க. ஒரு தப்பு பண்ணிப்புட்டேன். அதைச் சொல்லப் போறேன்."

அந்த மனிதர் சுவாரஸ்யமாகி, என்ன தப்பு என்று கேட்டார். மாயவன் சொல்ல ஆரம்பித்தார். தும்பிக்கை மெஷினில் தொடங்கிப் பூ வரைக்கும் வந்தபோது, உங்கள் ஊரில் லாரி நின்றதா என்று விவசாயியைக் கேட்டார். நின்றது என்றார் அவர். எவ்வளவு நாள் என்றும் சொன்னார். பிறகு விதைமூட்டையைத் தூக்கித் தன் மறுபக்கத்தில் வைத்துக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே பார்க்கத் திரும்பினார். முன் இருக்கையில் ஷகிலா திரும்பிப் பார்க்கவில்லை. கண்டக்டர் வந்து எத்தனை டிக்கெட் என்று கேட்டபோது, மாயவன் மூன்று பேருக்கும் சேர்த்துக் கையை நீட்டினார். முன்னால் இருக்கிற இருவரும் தங்களுடையதை ஏற்கெனவே வாங்கிவிட்டார்கள் என்று கண்டக்டர் சொன்னார்.